நான் குடுக்காத நாலாம் பாகம்

மொதல்லயே சொல்லிடறேன், பேய், ஆவி இதெல்லாம் நம்புற ஆளு நான் இல்ல. இருபத்திரெண்டு வருஷமா கிளை நூலகத்துல வேலை பாக்குறேன். பேய்க்கதைன்னே ஒரு ஷெல்ஃப் முழுக்க இருக்கு, அட்டை கிழிஞ்ச ஒவ்வொண்ணுக்கும் நான்தான் பசை போட்டு ஒட்டியிருக்கேன், ஆனா ஒண்ணையும் பத்து பக்கத்துக்கு மேல படிச்சதில்ல, சிரிப்புதான் வரும். இப்ப நான் சொல்லப்போறத வேற யாராவது எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா, "சரிங்க, வூட்டுக்குப் போய் நல்லா தூங்குங்க"ன்னு அனுப்பியிருப்பேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீங்க. நினைச்சுக்கோங்க, அதுக்குக் கோவப்படக்கூட எனக்கு இப்ப தெம்பு கிடையாது.

எங்க நூலகம் திருவொற்றியூர்ல, எக்ஸ்பிரஸ் ரோட்டுல இருந்து ரெண்டு தெரு உள்ள. ஊரே அடங்கிக் கெடந்த அந்தக் கொரோனா சமயத்துலயும் ரோட்டுல கன்டெய்னர் லாரி மட்டும் வரிசையா நின்னுட்டுதான் இருந்துச்சு. நான் ஒருத்திதான் ஸ்டாஃப். பெருக்குறது, பேப்பருக்கு சீல் குத்துறது, புக்கு குடுக்குறது, வாங்குறது, எல்லாம் நான்தான்.

மொத அலை கொஞ்சம் தணிஞ்சதும் மேல இருந்து உத்தரவு வந்துச்சு. யாரும் உள்ள உக்காந்து படிக்கக் கூடாது, ஜன்னல் வழியா புக்கு குடுக்கலாம், வாங்கலாம். திரும்பி வந்த புக்க மூணு நாள் யாரும் தொடக் கூடாது, தனியா வெச்சிருந்து அப்புறம்தான் அடுத்தவங்களுக்குக் குடுக்கணும். அதுக்கு நான் நாலு அட்டைப்பெட்டி வெச்சிருந்தேன். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்னு எந்தக் கிழமை வந்த புக்கோ அந்தக் கிழமைய ஸ்கெட்ச் பேனால எழுதி ஒட்டி, படிக்கிற மேஜைக்குக் கீழ வரிசையா தள்ளி வெச்சுடுவேன். கிழமை மாற மாற பேப்பர மாத்தி ஒட்டுவேன். பெரிய வேலையெல்லாம் இல்ல. ஆனா காலைல இருந்து மாஸ்க்கு, கையெல்லாம் சானிடைசர் போட்டுப் போட்டு தோல் உரிஞ்சு, வூட்டுக்குப் போனா வாசல்லயே குளிச்சுட்டுதான் உள்ள போகணும். சின்ன வேலை கூட மலையா இருந்த காலம் அது, உங்களுக்கே தெரியும்.

இப்ப நாகம்மாவப் பத்தி சொல்லணும். குப்பத்துல இருந்து வரும், மீன் விக்கிற பொம்பள. ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ஆனா எங்க நூலகத்துலயே அதிகமா புக்கு எடுத்துட்டுப் போற கார்டு அதோடதுதான். எல்லாம் அதோட வூட்டுக்காரருக்கு. அவரு கோவிந்தசாமி, காசிமேட்டுல விசைப்படகு ஓட்டுனவரு, குப்பத்துல டிரைவர்னுதான் கூப்பிடுவாங்க. வலை இழுக்கிற மெஷின்ல மாட்டி இடுப்பு போயிடுச்சு, கட்டில விட்டு எறங்க முடியாது. அவரு சத்தமா படிப்பாரு, இது கீழ உக்காந்து கேக்கும். அப்படியே ஏழெட்டு வருஷம். புக்குல மீன் வாசனை அடிக்குதுன்னு நான் கத்துவேன், "இன்னா மேடம், நீ மீனே துன்றதில்லியா?"ன்னு அது திருப்பிக் கேக்கும். நான் சிடுமூஞ்சிதான், ஒத்துக்கறேன், ஆனா அதுகிட்ட மட்டும் ரொம்ப நேரம் கோவமா இருக்க முடியாது.

அந்த சமயத்துல அவரு அஞ்சு பாகத்துல ஒரு சரித்திர நாவல் படிச்சுட்டு இருந்தாரு. ரெண்டு பாகம் முடிஞ்சு மூணாம் பாகம் வேற ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. ஒரு புதன்கிழமை காலைல நாகம்மா ஜன்னலுக்கு வந்து நிக்குது.

"மேடம், மூணாம் பாகம் வந்துச்சா? ரெண்டு நாளா அந்தாளு சோறே செரியா துன்றதில்ல. கதைல அந்தப் பொண்ண சிறைல போட்டுட்டானுங்களாம். எனக்கும் தூக்கம் வரல, இன்னா ஆச்சோன்னு."

வந்துச்சு, சனிக்கிழமையே வந்துச்சுன்னு என் மனசுல ஒரு நினைப்பு. அன்னிக்குக் காலைல பெருக்கும்போது பெட்டிங்கள வெளிய இழுத்துட்டு, திருப்பித் தள்ளும்போது வரிசை மாறிப்போச்சு. இருக்கிறதுலயே பழைய பெட்டிதான் எப்பவும் இடது ஓரத்துல இருக்கும், அன்னிக்கு அது சனிக்கிழமையோடது. நான் ஒட்டியிருந்த பேப்பரப் பாக்கல, இடத்தப் பாத்து கைய விட்டேன், மூணாம் பாகம் மேலயே இருந்துச்சு, எடுத்துக் குடுத்துட்டேன். நாகம்மா அத மாராப்போட அணைச்சு எடுத்துட்டுப் போச்சு.

மத்தியானம் சாப்பிட்டு வந்து குனிஞ்சு பாக்கறேன், இடது ஓரத்துல இருக்கிற பெட்டில செவ்வாய்னு எழுதியிருக்கு. முந்தின நாள் வந்த புக்கு. யாரு குடுத்தாங்கன்னு உடனே ஞாபகம் வந்துடுச்சு. ஒரு ரிட்டையர்ட் கிளார்க், ஜன்னல்ல நின்னு இருமிட்டே குடுத்தாரு, நானே ரெண்டடி பின்னாடி போனேன்.

ரெஜிஸ்டர்ல நாகம்மா நம்பர் இருக்கு. ஒரு போன். "அந்தப் புக்கத் தொடாத, வெயில்ல வை"ன்னு ஒரு வார்த்தை. நான் பண்ணல. ஏன்னு கேட்டா என்ன சொல்றது, அசதி, வெக்கம், எல்லாம்தான். ஒண்ணும் ஆகாதுன்னு நானே சொல்லிக்கிட்டு பெட்டிய சரியா அடுக்கி வெச்சேன். அதோட விட்டேனா, சனிக்கிழமை அந்த கிளார்க்கோட பொண்ணு போன் பண்ணி, "அப்பாவுக்கு பாசிட்டிவ் மேடம், அவரு குடுத்த புக்க ஜாக்கிரதையா வைங்க"ன்னு சொல்லுச்சு. அப்பவும் நான் நாகம்மாவுக்கு போன் பண்ணல. இத நான் இதுவரைக்கும் என் வூட்டுக்காரருகிட்ட கூட சொன்னதில்ல. உங்ககிட்டதான் சொல்றேன்.

அடுத்த வாரம் செல்வி வந்துச்சு, நாகம்மாவோட சேர்ந்து மீன் விக்கிற பொண்ணு, பக்கத்து வூடு. "அக்காவ ஆஸ்பத்திரில சேத்துகீறாங்க மேடம், மூச்சு வுட முடியல. டிரைவர் அண்ணன் தனியா கீறாரு, நாங்கதான் வாசல்ல சோறு வெக்கிறோம்." மூணாம் நாள் நாகம்மா செத்துப் போச்சு. பொணத்தக் கூட குப்பத்துக்குக் கொண்டு வரல, ஆஸ்பத்திரில இருந்து நேரா கொண்டு போயிட்டாங்க. கட்டில்ல இருந்து எறங்க முடியாத மனுஷன், பொண்டாட்டி மூஞ்சிய கடைசியா ஒரு வாட்டி பாக்கல.

டாக்டருக்குப் படிச்ச என் தம்பி பொண்ணு, புக்குல இருந்து தொத்துறது ரொம்ப அபூர்வம்னு சொல்லுது. நானும் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். புக்க மணிக்கணக்கா கையில வெச்சுப் படிச்சவருக்கு ஒண்ணுமே ஆகல, டெஸ்ட்ல நெகட்டிவ். நாகம்மா தினம் மீன் மார்க்கெட்ல நூறு பேரோட இடிச்சுட்டு நின்ன பொம்பள. எங்கிருந்தும் வந்திருக்கலாம். இதெல்லாம் புத்திக்குத் தெரியுது. ராத்திரி படுத்தா, அது அந்தப் புக்க மாராப்போட அணைச்சுட்டுப் போனதுதான் கண்ணுல நிக்குது.

துக்கத்துக்குப் போகணும்ல? போகல. தெருவ அடைச்சிருக்காங்கன்னு ஒரு சாக்கு. நாகம்மா போன அன்னிக்கே எனக்கும் காய்ச்சல் ஆரம்பிச்சு, மறுநாள் டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ். நிஜமா சொல்றேன், எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு. இனிமே அந்த வூட்டுக்கு ஏன் போகலன்னு யாரும் கேக்க முடியாதுல்ல.

காலடிப்பேட்டைல எங்க வூட்டுப் பின்ரூம்ல பதினேழு நாள் கெடந்தேன். இத நல்லா கேட்டுக்கோங்க, பதினேழு நாள். கதவுக்கு வெளிய ஸ்டூல்ல தட்டு வெச்சுட்டு வூட்டுக்காரரு நகந்துடுவாரு. பாத்ரூம் அந்த ரூமுக்குள்ளயே. எழுந்து நின்னா தல சுத்தும். நூலகத்துச் சாவி என் தலைமாட்டு ஆணியிலதான் தொங்கிட்டு இருந்துச்சு. இன்னொரு சாவி மாவட்ட ஆபீஸ்ல இருக்கு, அத யாரும் எடுக்கலன்னு அப்புறமா நானே விசாரிச்சுட்டேன்.

பதினெட்டாம் நாள் போய்த் தொறந்தேன். மேஜை மேலெல்லாம் தூசு, கைய வெச்சா கறுப்பா ஒட்டுது. வாசல்ல பதினேழு நாள் பேப்பர் குவிஞ்சு கெடக்கு. சரி, மொதல்ல ரெஜிஸ்டர எடுத்து தேதி போடலாம்னு தொறந்தா, நான் கடைசியா எழுதின வரிக்குக் கீழ மூணு வரி எழுதியிருக்கு.

நாகம்மா கார்டு நம்பர். மூணாம் பாகம் திரும்பி வந்துச்சு, நாலாம் பாகம் குடுத்தாச்சு. அதுக்கு எட்டு நாள் கழிச்சு, நாலாம் பாகம் வந்துச்சு, அஞ்சாம் பாகம் குடுத்தாச்சு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு வரி, மூணாம் பாகத்த மூணு நாள் கழிச்சு ஷெல்ஃப்ல வெச்சதுக்கு. அப்படி ஒரு வரி நான் எப்பவுமே எழுதினதில்ல, யாரும் எழுத மாட்டாங்க. ஆனா கையெழுத்து என்னோடது. நம்புனா நம்புங்க, ஒவ்வொரு வரிக்கும் கடைசில நான் போடுற சுருக்கக் கையெழுத்து கூட, அதே பச்சை மை. எல்லாம் நான் காய்ச்சல்ல கெடந்த தேதிங்க. அதுல ஒண்ணு வெள்ளிக்கிழமை, எங்களுக்கு லீவு நாள்.

ஷெல்ஃப்ல போய்ப் பாத்தேன். மூணாம் பாகம் இருக்கு. நாலாம் பாகம் பெட்டில இருக்கு, பெட்டி மேல கிழமை எழுதி ஒட்டியிருக்கு, சரியா இடது ஓரத்துல. அஞ்சாம் பாகம் இல்ல. பட்டப்பகல், வெளிய லாரி ஹாரன் கேக்குது, நான் நாற்காலில உக்காந்துட்டேன். பயம்னு கூட சொல்ல மாட்டேன். காய்ச்சல் வேகத்துல எழுந்து நடந்து வந்துட்டேனோ, எனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னுதான் மொதல்ல நினைச்சேன். வூட்டுக்காரருக்கு போன் போட்டு, "நான் நடுவுல எங்கயாவது வெளிய போனேனாங்க?"ன்னு கேட்டேன். "பாத்ரூமுக்கே செவுத்தப் புடிச்சுட்டுப் போனவ, எங்க போவ?"ன்னாரு.

அன்னிக்கு சாயங்காலம் குப்பத்துக்குப் போனேன். இனிமே போகாம இருக்க முடியாதுல்ல. கடலுக்குக் கருங்கல் கொட்டியிருக்கிற ஓரத்துல வூடு. செல்வி வாசல்ல மீன் கழுவிட்டு இருந்துச்சு. என்னப் பாத்ததும் எழுந்திரிக்கக் கூட இல்ல.

"இன்னா மேடம், ரெண்டு நாளா காணோம்? அண்ணன் கேட்டுகினே கீறாரு."

"நான் எப்ப வந்தேன் செல்வி?"

"இன்னா இப்டி கேக்குற? போன வாரம் கூட செருப்ப வுட்டுட்டு உள்ள போனியே. நான் கூப்டேன், நீதான் திரும்பிப் பாக்கல. துக்கத்துல கீறாங்கன்னு நானும் வுட்டுட்டேன்."

உள்ள போனேன். முன்ரூம்லயே கட்டில். கோவிந்தசாமி தலகாணிய முதுகுக்கு வெச்சு சாஞ்சிருந்தாரு, இளைச்சுதான் போயிருந்தாரு, ஆனா மூஞ்சி தெளிவா இருந்துச்சு. மடியில அஞ்சாம் பாகம்.

"வா மேடம், முட்ச்சிட்டேன். உனுக்காகத்தான் கடைசி பத்து பக்கத்த வெச்சினு கீறேன். குந்து, படிக்கிறேன்."

கட்டிலுக்குக் கீழ தரையில உக்காந்தேன். அவரு என்ன ஒரு மாதிரியா பாத்தாரு.

"எப்பவும் அந்த செவுத்தாண்டதானே குந்துவ? நாகம்மா குந்துற எடத்துல. முட்டியக் கட்டிகினு."

"அண்ணே"ன்னேன். "நான் எத்தன வாட்டி வந்தேன்?"

"யாரு எண்ணிகினு கீறாங்க? ஏயெட்டு தபா இருக்கும். மொத தபா வந்தப்போதான் நான் உன்ன வெளிய போன்னு கத்துனேன். அத்த மன்சுல வெச்சிகாத மேடம். நீ வந்து நின்னு, பொட்டி மாத்தி எடுத்துட்டேன் அண்ணே, அந்தாளு இருமுன புக்கு அண்ணே, தெரிஞ்சும் போன் பண்ணல அண்ணேன்னு சொன்னியா, எனுக்கு அப்டியே ஒடம்பு எரிஞ்சுது. எயுந்திரிக்க முடிஞ்சிருந்தா அட்ச்சே இருப்பேன். நீ நாலாம் பாகத்த கட்டில் மேல வெச்சிட்டு மூணாம் பாகத்த எட்த்துகினு போயிட்ட. மறுநாளும் வந்த. அதுக்கு மறுநாளும். நான் கத்த கத்த குந்திகினே இருந்த. அப்பால எனுக்கே தொண்ட வறண்டு போச்சு. புக்க எட்த்து சத்தமா படிச்சேன். அவ செத்ததுக்கப்பால அன்னிக்குத்தான் என் குரல் எனுக்கே கேட்டுச்சு. நீ கேட்டுகினு இருந்த. செரின்னு வுட்டுட்டேன் மேடம். மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்ல, நெசமாத்தான் சொன்னேன்."

பெட்டி மாறினது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லிட்டேனே, என் வூட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது. போன் பண்ணாதது என் மனசத் தவிர வேற எங்கயும் இல்ல. அத இந்த மனுஷன் என் முன்னாடி அப்படியே, என் வார்த்தையிலயே சொல்றாரு. மாஸ்க்கு போட்டிருந்தா வேற யாரோன்னு நினைக்கலாம்ல, அதையும் கேட்டேன். "மாஸ்க்க கயட்டிட்டுத்தான் சொன்ன. மூஞ்ச காட்டித்தான் சொல்லணும்னு நீதானே சொன்ன"ன்னாரு.

நான் இல்ல அண்ணே, நான் வரவே இல்ல, காய்ச்சல்ல கெடந்தேன்னு சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் அவரு மூஞ்சியப் பாத்தேன். பொண்டாட்டி செத்த மனுஷன், யாரோ வந்து தப்ப ஒத்துக்கிட்டாங்க, அவரு திட்டித் தீத்துட்டாரு, அவரு படிக்கிறதக் கேக்க ஒரு ஆளு கெடச்சுது, அதனால சோறு சாப்பிடுறாரு. அத நான் எப்படிப் பிடுங்குறது? "படிங்க அண்ணே"ன்னேன். அவரு கடைசிப் பத்துப் பக்கத்தப் படிச்சாரு. என்ன கதைன்னு ஒரு வரி கூட என் காதுல ஏறல.

அதுல இருந்து வாரா வாரம் வியாழக்கிழமை வேலை முடிச்சுட்டு நானே புக்கு எடுத்துட்டுப் போறேன். போனா ஒரு மணி நேரம் கேப்பேன். நான் உக்கார்ற எடம் கட்டிலுக்குக் கீழதான், அந்தச் செவுத்துப் பக்கம் போறதில்ல. ஒவ்வொரு வாட்டியும் மன்னிப்புக் கேக்கணும்னுதான் போறேன், நான், என் வாயால. ஆரம்பிச்சாலே அவரு கையத் தூக்கிடறாரு, "எத்தினி தபா மேடம்? அதான் சொல்லிட்டேனே"ங்கறாரு. அவரு குடுத்த மன்னிப்பு யாருக்குப் போய்ச் சேந்துச்சோ எனக்குத் தெரியாது. எங்கிட்ட வரல.

நாகம்மாதான் என் உருவத்துல வந்துச்சோன்னு கூட யோசிச்சிருக்கேன். ஆனா அதுக்கு எழுதத் தெரியாது, ரெஜிஸ்டர்ல எழுதுனது யாரு? நானேதானா? நான் கட்டில்ல கெடந்தப்போ என்னைவிட நல்லவ ஒருத்தி எழுந்து போய், நான் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுட்டு வந்தாளா? யோசிச்சா தல வலிக்குது. அந்த ரெஜிஸ்டர் பக்கத்த நான் யாருக்கும் காட்டல, கிழிக்கவும் இல்ல.

இதெல்லாம் முடிஞ்சு வருஷக்கணக்கு ஆயிடுச்சு, மாஸ்க்கெல்லாம் யாருக்கும் ஞாபகம் கூட இல்ல. நானும் இது அந்தக் காய்ச்சல் காலத்தோட போச்சுன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். போன மாசம் ஒரு வியாழக்கிழமை வழக்கம்போல போறேன், கோவிந்தசாமி என்னப் பாத்துட்டு சொல்றாரு, "நேத்துதானே வந்த, இன்னிக்குமா? வா, வா. ஏன் மேடம், இத்தினி வருஷம் கய்ச்சி இன்னும் இன்னாத்துக்கு அப்டி தேம்பித் தேம்பி அயுவுற? எனுக்கே மன்சு கேக்கல."

அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் வூட்ல துணி மடிச்சுட்டு இருந்தேன். நான் எங்க அழுதேன்? நாகம்மா போனதுல இருந்து இன்னிவரைக்கும் எனக்கு ஒரு சொட்டு அழுகை வரலீங்க.